இருநூற்று நான்கில் தொடங்கும் எண்கள்

வின்னிபெக்கில் பூட்டுத் திறந்து பிழைப்பவன்
தெரியாத எண்ணை எடுக்காமல் இருக்க முடியாது.
தெரிந்தவர்கள் யாரும் என்னை அழைப்பதில்லை.
சாவியைக் காருக்குள் விட்டுவிட்டு
மைனஸ் முப்பத்தொன்றில் நிற்பவர்கள்தான் அழைப்பார்கள்,
பல் கிடுகிடுக்க, தெருப்பெயர் பாதியில் உடைய.

ஆகவே எடுக்கிறேன்.
"வணக்கம், உங்கள் வீட்டுக் காற்றுக்குழாய்களை
இந்த வாரம் எங்கள் ஆட்கள் சுத்தம் செய்து..."
என் வீட்டில் காற்றுக்குழாயே கிடையாது.
வென்னீர் ரேடியேட்டர். என்னைவிட வயதானது, ராத்திரியில் இருமும்.
அதைச் சொல்லியும் பார்த்தேன்.
"அப்படியானால் இருபது சதவீதம் தள்ளுபடி" என்றாள்.

ஒரு குளிர்காலம் முழுக்கத் திட்டினேன்,
அப்பா பன்றிகளுக்கென்று வைத்திருந்த
உக்ரேனியச் சொற்களால்.
அடுத்த குளிர்காலம் மரியாதையாகப் பேசினேன்;
அது இன்னும் மோசம், பெயர் கேட்டார்கள்.
அரசாங்கத்தின் 'அழைக்காதே' பட்டியலில் எண்ணைக் கொடுத்தேன்.
பட்டியல் தன் வேலையைப் பார்த்தது,
அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.
ஒரு சனிக்கிழமை
ஹாக்கி வர்ணனை ஓடும் ரேடியோவுக்குப் பக்கத்தில்
போனை வைத்துவிட்டு டீ போடப் போனேன்.
திரும்பி வந்தால்
அந்தப் பக்கத்து ஆள் இன்னும் இருக்கிறான்.
"யார் கோல் போட்டது?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.
எத்தனையோ ஆயிரம் பூட்டு திறந்த கைக்கு
இந்த ஒரு கதவைச் சாத்தத் தெரியவில்லை.

ஆனால் காது பழகிவிட்டது.
எடுத்ததும் ஒரு வெறுமை, ஒன்றரை நொடி,
பிறகு 'டொப்':
பழைய பூட்டில் ஐந்தாவது ஊசி உட்காரும் சத்தம்.
எங்கோ ஒரு இயந்திரம் எனக்கு ஆள் தேடுகிறது.
அந்த வெறுமையைக் கேட்டதுமே வைத்துவிடுவேன்.
பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரியில் அப்படி வைத்த ஒன்று
இயந்திரம் இல்லை.
குளிரில் வாய் திறக்க வராமல்
ஒன்றரை நொடி நின்ற ஒருத்தி.
பேக்கரியில் டோரீன் சொல்லித்தான் தெரிந்தது:
"எவனோ பூட்டுக்காரன் பேசாமலே வைத்துவிட்டானாம், ஓரெஸ்ட்.
என் அக்கா மகள் ஜன்னலை உடைத்து உள்ளே போயிருக்கிறாள்.
கையில் ஏழு தையல்."
ரொட்டிக்குக் காசு கொடுத்தேன்.
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினேன்.

மார்ச்சில் எல்லாம் தலைகீழ்.
என் எண்ணை யாரோ முகமூடியாகப் போட்டுக்கொண்டு
மாகாணம் முழுக்க அழைத்திருக்கிறார்கள்.
"எதற்கடா என்னைக் கூப்பிட்டாய்?"
"எனக்குக் காற்றுக்குழாயே இல்லை!"
நான் கூப்பிடவில்லை என்றேன்.
எல்லாத் திருடனும் சொல்வது அதைத்தான்.
ஒருவர் போலிஷ் மொழியில் திட்டினார்;
பன்றிகளுக்கு அங்கேயும் நல்ல சொற்கள் இருக்கின்றன.

ஃபிளின் ஃபிளானிலிருந்து ஒரு அம்மா மட்டும் திட்டவில்லை.
"மத்தியானம் அடித்திருந்தாய். குளித்துக்கொண்டிருந்தேன்.
வெஸ்லியா?"
"இல்லை. நான் பூட்டுக்காரன்."
"நான் பூட்டுக்காரரைக் கூப்பிடவில்லையே."
"நானும் உங்களைக் கூப்பிடவில்லை."
அதற்கு மேல் சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை.
யாரும் வைக்கவுமில்லை.
அவள் பக்கத்தில் ரேடியோ, கூட்டத்தின் கூச்சல்.
"யார் கோல் போட்டது?" என்றேன்.
"தெரியவில்லை, இரு," என்று போய்ச் சத்தத்தைக் கூட்டினாள்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி.
இருநூற்று நான்கு, அறியாத ஏழு இலக்கம்.
எடுத்தேன். வெறுமை.
ஒன்றரை நொடி.
இரண்டு.
ரேடியேட்டர் ஒருமுறை இருமியது.
மூன்று.
நான் வைக்கவில்லை.
ஒரு பூட்ஸ் ஏற்கெனவே காலில் இருந்தது.